விழுந்த பலாவிலிருந்து சாப்பாட்டு மேசை வரை: உள்ளூர் மரத்தில் நாமே மேசை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது ஆலங்குடிப் பக்கத்துத் தோப்புகளில் தென்னை, மா, பலா என்று பார்த்துப் பார்த்து வளர்த்த மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்துப் பலா ஒன்றும் போனது. மறு வாரமே விறகு வியாபாரி லாரியோடு வந்து எடைக்கு விலை சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை. அந்த மரத்தில்தான் இன்று வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசை நிற்கிறது. அதைச் செய்ய எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதில் உளி பிடித்த நாட்கள் இருபதுகூட இருக்காது; மிச்சமெல்லாம் மரம் காயக் காத்திருந்த காலம். இந்த வழிகாட்டியிலும் பாதி அதைப் பற்றித்தான் வரும்.

முதலில் காகிதம், பிறகு கோடரி

மரம் நிற்கும் இடம் பட்டாவா, புறம்போக்கா என்று பாருங்கள். சாலையோரத்திலும் கண்மாய்க்கரையிலும் விழுந்த மரம் யாரும் கேட்காமல் கிடக்கலாம். ஆனாலும் அது அரசுக்குச் சொந்தம். சந்தனம், செம்மரம், ஈட்டி, தேக்கு என்றால் சொந்த நிலத்தில் இருந்தாலும் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் தொடக்கூடாது. ஈட்டி மரத்துக்கென்றே தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டம் வந்தது. மலைப்பகுதிக்கு 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அங்கே எந்த மரமானாலும் கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது. சமவெளியில் மா, பலா, வேம்பு, பூவரசு, வாகை போன்றவற்றுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. இருந்தாலும் மில்லுக்கு ஏற்றிப் போகும்போது பட்டா நகலும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய ஒரு சான்றும் வண்டியில் இருந்தால் வழியில் யாருக்கும் பதில் சொல்லத் திணற வேண்டாம்.

எந்த மரத்தில் எதைச் செய்யலாம்? என் கைக்குப் பட்டதைச் சொல்கிறேன். பலா மஞ்சளாக, உளிக்கு இணக்கமாக இருக்கும். வைரத்தை, அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான பகுதியை, கரையான் எளிதில் தொடாது. தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைவது இதில்தான். வேம்பு கனமானது, உறுதியானது. ஆனால் ரேகை பின்னிப் பின்னி ஓடும், காயும்போது கோணும். பூவரசின் நடு வைரம் கருஞ்சிவப்பாக அழகாக இருந்தாலும் அகலமான பலகை கிடைப்பது அபூர்வம். நாற்காலிக் காலுக்கும் முக்காலிக்கும் ஏற்றது. வாகை பார்க்கத் தேக்கையே தோற்கடிக்கும், அறுக்கும்போது பறக்கிற தூள் தும்மலில் கொண்டுபோய் விடும். மாமரத்தில் முக்கால்வாசி வெள்ளைதான் (வைரத்தைச் சுற்றி, பட்டையை ஒட்டி இருக்கும் மென்மையான பகுதி), மருந்து வைக்காவிட்டால் உளுத்துப்போகும். புளியை இழைக்கப் போனால் இழைப்புளி தேயும், நம் தோளும் தேயும். முதல்முறை செய்கிறவர்களுக்கு என் ஓட்டு பலாவுக்கு.

கட்டையை அளப்பது

விழுந்த மரத்தை மண்மேல் போட்டு வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளையில் நீலப் பூஞ்சை ஏறும், வண்டு துளைக்கும். உடனே மில்லுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் பழைய வழி இருக்கிறது: குளத்தில் உருட்டிவிட்டு ஊறப்போடுவது. தண்ணீருக்குள் முழுக மூழ்கிக் கிடக்கும் கட்டையை வண்டு தொடாது. வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தும் கரைந்து போவதால், வெளியே எடுத்த பிறகும் உளு, அதாவது மரத்தைத் துளைத்துத் தூளாக்கும் பூச்சி, அவ்வளவு ஆசையாக வராது. பாதி மிதந்தால் பயனில்லை, மேலே கல்லை வைத்து அமுக்குங்கள். தேய்பிறையில் வெட்டிய மரம் உளுக்காது என்று ஊரில் சொல்வார்கள். புயல் பிறை பார்த்து வருவதில்லை என்பதால் அதை நான் சோதித்ததில்லை.

துண்டு போடும்போது வேண்டிய நீளத்துக்கு மேல் ஓர் அடி கூட விடுங்கள். முனைகள் வெடிக்கும், அதைக் கழிக்க வேண்டிவரும். வெட்டிய அன்றே இரு முனையிலும் கெட்டியாக எனாமல் பெயிண்ட் அடியுங்கள். பழைய டப்பாவில் மிஞ்சிய எந்த நிறமும் போதும். மரத்தின் ஈரம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

மரவாடியில் கன அடிக் கணக்கு இப்படி: கட்டையின் நடுவில் நூல் சுற்றிச் சுற்றளவு எடுப்பார்கள். அதை நாலால் வகுத்து, வந்ததை அதோடே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். எங்கள் பலாவின் அடித்துண்டு 5 அடிச் சுற்று, 7 அடி நீளம். ஐந்தில் கால் 1.25, அதன் வர்க்கம் 1.56, ஏழால் பெருக்கினால் ஏறக்குறைய 11 கன அடி. உண்மையில் அந்த உருளையில் 14 கன அடி மரம் இருக்கிறது. இந்தக் கணக்கு அறுவையில் போகும் சேதாரத்தை முன்கூட்டியே கழித்துவிடுகிறது. எப்போதும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே குறைத்துக் காட்டும். மரம் விற்கிறவரும் வாங்குகிறவரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மில்லில் அரை நாள்

மில்லுக்குப் போகும் முன் கட்டையை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வேலியோரத்து மரமென்றால் முள்கம்பி, ஆணி, ஊஞ்சல் கொக்கி ஏதாவது உள்ளே புதைந்திருக்கும். எங்கள் மரத்தில் தாத்தா மாட்டுக்கயிறு கட்ட அடித்த ஆணி ஒன்று பட்டைக்கு மூன்று இஞ்ச் உள்ளே போயிருந்தது, யாருக்கும் நினைவில்லை. பேண்ட்சா என்னும் பட்டை ரம்பத்தின் பிளேடு அதில் மோதியபோது மில் முழுக்க ஒரு கிறீச்சல். இயந்திரத்தை நிறுத்தி, மில்காரர் பல் போன பிளேடைக் கழற்றிக் கையில் கொடுத்து, "இது உங்க கணக்கு" என்றார். நியாயம்தான், காசைக் கொடுத்தேன். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறை பட்டிருந்தது. பட்டையை உரித்ததும் அப்படிக் கறுப்புத் திட்டு தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அறுவையில் உங்கள் கையில் இருக்கும் முடிவுகள் மூன்று.

ஒன்று, தடிமன். மேசைப்பலகை முடிவில் 1¼ இஞ்ச் வேண்டுமானால் 1¾ இஞ்சுக்கு அறுக்கச் சொல்லுங்கள். நம் தச்சர்கள் ஓர் இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் 14 நூல் பலகை. காய்ந்து ஒரு நூல் போகும், இழைப்பில் மூன்று நூல் போகும். காலுக்கு 3½ இஞ்ச் சதுரம் அறுத்தால் 3 இஞ்ச் நிற்கும்.

இரண்டு, நடுப்புள்ளி. மரத்தின் மையம் ஒரு பலகைக்குள்ளோ காலுக்குள்ளோ மாட்டினால் அது கட்டாயம் வெடிக்கும். மையத்தை ஒட்டி ஒரு மெல்லிய துண்டாக எடுத்து விறகுக்குப் போடச் சொல்லுங்கள்.

மூன்று, எந்தப் பக்கம் அறுப்பது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே குறையாது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம் குறையும். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குறையும். பலகை கிண்ணம் போல் வளைவதும், சதுரமாக அறுத்த கால் சாய்சதுரமாவதும் இதனால்தான். மையத்துக்கு அருகில் வரும் பலகைகளின் முனையைப் பார்த்தால் வளையங்கள் செங்குத்தாக நிற்கும், அவை கோணாது. அவற்றில் சாக்பீஸால் 'மே' என்று எழுதி மேற்பலகைக்கு ஒதுக்கினேன். ஓரத்துப் பலகைகளை, கால்களை இணைக்கும் சட்டத்துக்கு வைத்தேன்.

காயவைப்பது

என் முதல் தவறு இங்கேதான். மில்லிலிருந்து வந்த பலகைகளில் நாலைந்தை, இடமில்லை என்று, மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தேன். மேற்கு வெயில் படும் இடம். பத்தே நாளில் இரண்டு பலகை விமான இறக்கை மாதிரி முறுக்கிக்கொண்டன. எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் ஆசாரி வந்து பார்த்தார். பலகையின் ஒரு முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் நோட்டம் விட்டவர், "தம்பி, இதைக் காயவச்சீங்களா, வறுத்தீங்களா?" என்றார்.

"இப்ப என்னண்ணே பண்றது?"

"இதுல ஒன்னும் பண்ண முடியாது. மிச்சத்தையாவது படுக்கப் போடுங்க."

படுக்கப்போடும் முறை இது. நிழலான, காற்றோட்டமான இடம்; மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் வைத்து, அதன்மேல் மூன்று நான்கு கட்டைகளை ஒரே மட்டமாகப் போடுங்கள். நூல் பிடித்துச் சரிபாருங்கள். அடித்தளம் கோணினால் மேலே வரும் அத்தனை பலகையும் அதே கோணலில் காயும். அதன்மேல் முதல் வரிசைப் பலகைகள், குறுக்கே முக்கால் இஞ்ச் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகள், பிறகு அடுத்த வரிசை. ரீப்பருக்கும் ரீப்பருக்கும் ஒன்றரை அடி. ஒவ்வொரு வரிசையின் ரீப்பரும் கீழ் வரிசை ரீப்பருக்கு நேர்மேலே இருக்க வேண்டும். ஒரு ரீப்பர் தள்ளியிருந்தால் பாரம் அந்த இடத்தில் பலகையை வளைத்துவிடும். ரீப்பர் காய்ந்த மரமாக இருக்கட்டும், ஈர ரீப்பர் பலகையில் கறை போடும். உச்சியில் செங்கல்லோ கருங்கல்லோ ஏற்றிவிடுங்கள்.

அடுக்கும் முன் உளுவுக்கு மருந்து. 20 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரமும் 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, ஈரமாக இருக்கும்போதே பலகையின் எல்லாப் பக்கமும் இரண்டு முறை பிரஷ்ஷால் பூசுங்கள். பூசியதும் பிளாஸ்டிக் விரிப்பால் இரண்டு வாரம் மூடி வைத்தால் மருந்து உள்ளே ஊறும். இது மழைத் தண்ணீரில் கரைந்து போகிற மருந்து. வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தான் பொருந்தும், தோட்டத்து பெஞ்சுக்கு ஆகாது. குழந்தைகளையும் கோழிகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

எவ்வளவு நாள்? "இஞ்சுக்கு ஒரு வருஷம்" என்பது தச்சர் வாக்கு. நம் ஊர் வெயிலுக்கு ஓர் இஞ்ச் பலகை அவ்வளவு நாள் கேட்பதில்லை, ஆறு மாதத்தில் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஆனால் 3½ இஞ்ச் கால் கட்டைகள் வேறு சங்கதி. வெளியே எலும்பாகக் காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருக்கும். என் பலகைகள் பதினான்கு மாதம் அடுக்கில் கிடந்தன, ஊகிக்காமல் நிறுத்தே பார்த்தேன். ஒரு பலகையை மாதாமாதம் தொங்கு தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன்மேலேயே எழுதி வைத்தேன். தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் எடை மாறாவிட்டால் பலகை சுற்றியுள்ள காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று பொருள்.

துல்லியம் வேண்டுமென்றால் முனையிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு சிறு துண்டை அறுத்துச் சமையலறைத் தராசில் நிறுங்கள். ஓவனில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். எனக்கு முதலில் 186 கிராம், பிறகு 164. வித்தியாசம் 22, அதை 164ஆல் வகுத்தால் 13.4 சதவீத ஈரம். நம் பக்கத்து வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 12 சுற்றியிருந்தால் நல்லது. அடுக்கிலிருந்து எடுத்து வீட்டுக்குள் இன்னும் ஒரு மாதம் ரீப்பர் வைத்தே போட்டு வைத்தேன். ஏசி அறையில் வைக்கப் போகிற சாமானென்றால் அந்த அறையிலேயே போடுங்கள்.

மேசைக்கு என்னென்ன வேண்டும்

6 அடி நீளம், 33 இஞ்ச் அகலம், 30 இஞ்ச் உயரம். மேற்பலகைக்கு நாலு துண்டு, ஒவ்வொன்றும் இழைத்த பின் 8¼ இஞ்ச் அகலம். நாலு கால், 3 இஞ்ச் சதுரம். சட்டங்கள் 4 இஞ்ச் உயரம், 1¼ இஞ்ச் தடிமன். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு. அறுத்த மரமாகக் கணக்கிட்டால் 5 கன அடி. கோணல், வெடிப்பு, கணு என்று போவதற்கு இன்னும் ஒரு கன அடி சேர்த்துக்கொள்ளுங்கள். கடைவாசலில் பார்க்கும் மேசைகளில் சட்டம் ஆறு இஞ்சுக்கும் மேலே இறங்கியிருக்கும். உட்கார்ந்தால் தொடை இடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அளந்த பிறகு சட்டத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

இழைப்பு, ஒட்டு

பலகையின் முறுக்கைக் கண்டுபிடிக்க நேரான இரண்டு சட்டங்களை இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையில் குனிந்து பாருங்கள். இரண்டு சட்டங்களின் மேல்விளிம்பும் ஒன்றுபோலத் தெரியாவிட்டால் முறுக்கு இருக்கிறது. உயர்ந்த மூலைகளை முதலில் இழைத்து இறக்குங்கள். ஒரு முகம் மட்டமானதும் அதை ஒட்டிய விளிம்பை, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்துக்கு நேராக்குங்கள். மறுமுகமும் மறுவிளிம்பும் அதற்குப் பிறகு. கையில் மின் இழைப்பான் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பலாவில் ரேகை திரும்பும் இடத்தில் அது நாரைப் பிய்த்து எறியும். அங்கே கை இழைப்புளியைத் தீட்டி, அலகை மயிரிழைதான் வெளியே நீட்டி, ரேகைக்குக் குறுக்குச் சாய்வாகத் தள்ளுங்கள்.

நாலு பலகையையும் பக்கம் பக்கமாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் கசியக்கூடாது. வரிசையும் ரேகையும் பிடித்தபின் மேலே ஒரு பெரிய முக்கோணம் வரைந்துவிட்டால் பிறகு வரிசை மாறாது. ஃபெவிகால் இரு விளிம்பிலும் மெல்லியதாக. கிளாம்ப் வாங்க எனக்கு மனம் வரவில்லை. நீளமான நான்கு கட்டைகளில் இரு முனையிலும் குச்சி அடித்து, பலகைகளை நடுவே வைத்து, எதிரெதிராக ஆப்பு இறக்கினேன். ஆசாரி கற்றுத் தந்த வழி. அடிக்க அடிக்கப் பலகை மேலே எழும்பும். அதனால் இரண்டு கட்டை கீழே, இரண்டு கட்டை மேலே. ஓர் இரவும் பகலும் தொடக்கூடாது.

கழுந்தும் துளையும்

சட்டத்தின் முனையை நாக்குபோல மெலிந்த கழுந்தாக இறக்கி, காலில் துளையெடுத்துப் பொருத்துவதுதான் மேசையின் உயிர். திருகாணியும் எல் ஆங்கிளும் நாலு வருஷத்தில் ஆட்டம் கொடுக்கும். 10 நூல் தடிமன் சட்டத்தில் கழுந்து 3 நூல். இருபுறமும் மூன்றரை நூல் தோள், அதாவது கழுந்துக்குப் பக்கத்தில் காலோடு முட்டி நிற்கும் படி. ஆழம் 1½ இஞ்ச். காலின் உச்சியில் ஓர் இஞ்ச் மரத்தைக் கூடுதலாக விட்டுத் துளையிட்டால் உளி அடிக்கும்போது கால் பிளக்காது. வேலை முடிந்ததும் அறுத்துவிடலாம். அடுத்தடுத்த பக்கத்துத் துளைகள் உள்ளே சந்தித்தால் கழுந்துகளின் நுனியைச் சாய்வாக அறுத்துக்கொள்ளுங்கள்.

துளையை முதலில் எடுங்கள், கழுந்தைப் பிறகு அதற்குத் தக்கபடி இறக்குங்கள். துளைக்கு உள்ளே கைவைத்துச் சரிசெய்வது கடினம், கழுந்தை ஓர் இழை சீவுவது எளிது. கையால் அமுக்கினால் பாதி போய், கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் மீதி போகும் இறுக்கம் போதும். பிறகு மூங்கில் ஆணி. காலில் போடும் ஓட்டையைவிடக் கழுந்தில் போடும் ஓட்டை தோள் பக்கமாக அரை நூல் தள்ளியிருக்க வேண்டும். நுனி சீவிய மூங்கில் ஆணி உள்ளே போகும்போது கழுந்தை இழுத்துத் தோளைக் காலோடு அழுத்தும். ஃபெவிகாலே இல்லாவிட்டாலும் இந்த மூட்டு நிற்கும்.

மேற்பலகையை எப்படி உட்கார வைப்பது

இங்கே தப்பு செய்தால் முன்னே செய்த அத்தனையும் வீண். 33 இஞ்ச் அகலப் பலகை ஐப்பசி அடைமழையில் விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும்; காற்றின் ஈரத்தைப் பொறுத்து இரண்டு நூல்வரை போய்வரும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அதை நிறுத்த முடியாது. சட்டத்தோடு சேர்த்துப் பசை போட்டு, திருகாணி அடித்து இறுக்கினால், அசைய வழியில்லாமல் பலகை நடுவில் பிளந்துகொள்ளும். தெரிந்தவர் வீட்டில் விலை கொடுத்து வாங்கிய தேக்கு மேசையில் அப்படி ஒரு பிளவைப் பார்த்திருக்கிறேன். மரம் நல்ல மரம்தான்.

செய்ய வேண்டியது: சட்டத்தின் உள்பக்கம், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு காடி (நீளவாக்கில் ஒரு பள்ளம்) எடுங்கள். எல் வடிவத்தில் சிறு மரக் கொக்கிகள் பத்துப் பன்னிரண்டு செய்து, அவற்றின் நாக்கைக் காடிக்குள் நுழைத்து, உடலை மேற்பலகையின் அடியில் திருகாணியால் பிடியுங்கள். நீளச் சட்டங்களில் வரும் கொக்கி காடிக்குள் முழுக்க முட்டாமல் இரண்டு நூல் இடம் விட வேண்டும். பலகை முன்னும் பின்னும் நகரும், மேலே எழும்பாது.

பாலிஷ்

உப்புத்தாள் 80, 120, 180, கடைசியாக 220. ரேகையோடு மட்டும் தேயுங்கள். 120க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எழும்பும். அடுத்த தாளில் போய்விடும்.

அரக்கு பாலிஷ் மின்னும், ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய ரசப் பாத்திரத்தை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சாப்பாட்டு மேசைக்கு நான் ஆளி விதை எண்ணெய் பூசினேன். காய்ச்சிய எண்ணெயாக வாங்குங்கள், பச்சை எண்ணெய் உலர நாள் கணக்காகும். முதல் பூச்சுக்குப் பாதிக்குப் பாதி டர்பென்டைன் கலந்து, இருபது நிமிடம் ஊறவிட்டு, மிஞ்சியதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுக்காகவே நிற்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத்தம் நாலு பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் உலர்த்துங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எலுமிச்சை மஞ்சளாக இருந்த பலா ஆறு மாதத்தில் செம்புத் தவலை நிறத்துக்கு வந்தது. அந்த மாதங்களில் மேசைமேல் ஒரே இடத்தில் எதையும் விட்டு வைக்காதீர்கள். எங்கள் மேசையின் வலது மூலையில் ஒரு செவ்வகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். அம்மா பஞ்சாங்கத்தை வைத்த இடம்.

கோணிப்போன அந்த இரண்டு பலகைகளையும் விறகுக்கு அனுப்பவில்லை. ஆறடியில் பயமுறுத்தும் முறுக்கு ஒன்றரை அடித் துண்டாக அறுத்ததும் இழைப்புளிக்கு அடங்கிவிடுகிறது. அவற்றில் ஏழு மணைகள் தேறின. ஒன்றை ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் முதலில் அதன் முனையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே போட்டு உட்கார்ந்தார்.